அலுவலக மின்னஞ்சலை ஹெடரைப் பார்த்துப் பிரிப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் பொது மின்னஞ்சல் பெட்டியை நீங்கள் கவனித்துக்கொள்கிறீர்கள். சிபேனல் (சர்வரை நிர்வகிக்கும் வலைப்பக்கக் கருவி) உள்ள ஹோஸ்டிங்கில், வரும் மின்னஞ்சலைத் தானாகப் பிரிக்க மூன்று விதிகள் வைத்திருக்கிறீர்கள். சப்ஜெக்டில் 'இன்வாய்ஸ்' என்று இருந்தால் கணக்குப் பிரிவின் ஃபோல்டருக்குப் போக வேண்டும். அனுப்புநர் வரியில் வங்கியின் பெயர் இருந்தால் வங்கி ஃபோல்டருக்குப் போக வேண்டும். உள்ளே 'அன்சப்ஸ்கிரைப்' என்ற சொல் இருந்தால் அழிந்துவிட வேண்டும். நடந்ததோ வேறு. 'ப்ரொஃபார்மா இன்வாய்ஸில் திருத்தம்' என்று வெளிநாட்டு பையர் அனுப்பிய அவசர மின்னஞ்சல் கணக்குப் பிரிவில் போய்க் கிடந்தது. வங்கியின் பெயரில் வந்த போலி மின்னஞ்சல் வங்கி ஃபோல்டருக்குள் போய் உண்மையானதைப் போல உட்கார்ந்துகொண்டது. பையரின் ஆர்டர் தளத்திலிருந்து வந்த அறிவிப்புகள் யார் கண்ணிலும் படாமல் அழிந்தன. 'எந்தெந்தச் சொற்களைச் சேர்த்தால் சரியாகும்?' என்று கேட்கிறீர்கள்.

சொற்பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் இது தீராது. நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது, ஒரு மின்னஞ்சலில் எந்த வரியை நம்பி முடிவெடுக்கலாம் என்பதை. மெயில் சர்வர்களைப் பராமரிப்பதே பல ஆண்டுகளாக என் தொழில். அதில் நான் மற்ற எதையும்விட அதிகமாக நம்புவது ஒன்று உண்டு. ஹெடரில், அதாவது செய்திக்கு மேலே மறைந்திருக்கும் விவர வரிகளில், ஒவ்வொன்றையும் யாரோ எழுதியிருக்கிறார்கள்: சில வரிகளை அனுப்பியவர், சிலவற்றை அவருடைய சர்வர், சிலவற்றை வழியில் உள்ள சர்வர்கள், சிலவற்றை உங்கள் சொந்த சர்வர். எழுதியது யார் என்று தெரிந்தால் அந்த வரியின் மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதும் தெரிந்துவிடும். உங்களுடைய மூன்று விதிகளும் அனுப்புகிறவர் தன் விருப்பப்படி எழுதும் எழுத்தையே நம்பி நிற்கின்றன.

முதல் வேலையாக ஒரு நல்ல மின்னஞ்சலையும் ஒரு போலியையும் எடுத்து, இரண்டின் முழு ஹெடரையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜிமெயிலில் மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' இருக்கிறது. தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் கன்ட்ரோல்-யு அழுத்தினால் போதும். சிபேனலின் வெப்மெயிலான ரவுண்ட்கியூபில் 'ஷோ சோர்ஸ்' என்று இருக்கும். மேலிருந்து முதல் வெற்று வரி வரும்வரை உள்ளது எல்லாம் ஹெடர். அதற்குக் கீழே செய்தி. ஒவ்வொரு வரியும் ஒரு பெயர், ஒரு முக்காற்புள்ளி, ஒரு மதிப்பு என்று அமைந்திருக்கும். மதிப்பு நீளமாக இருந்தால் அடுத்த வரிக்கு மடங்கி, இடைவெளி விட்டுத் தொடரும். அப்படி மடங்கிய வரி தனி ஹெடர் அல்ல, மேல் வரியின் மிச்சம்.

இதற்கு அடியில் இருக்கும் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் நல்ல விதி எழுத முடியாது. தபாலில் உறை வேறு, உள்ளே இருக்கும் கடிதம் வேறு. உறையின் மேல் எழுதிய முகவரிக்குத்தான் தபால்காரர் கொண்டுபோய்க் கொடுப்பார். உள்ளே யாரை 'அன்புள்ள' என்று விளித்திருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை. மின்னஞ்சலும் அப்படியே. 1982-இல் ஆர்எஃப்சி (இணையத்தின் விதிமுறை ஆவண வரிசை) 821, 822 என்று இரண்டு தனித்தனி ஆவணங்களாக இது வரையறுக்கப்பட்டது. முதலாவது, சர்வர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் உறையைப் பற்றியது. இரண்டாவது, உள்ளே இருக்கும் கடிதத்தின் வடிவத்தைப் பற்றியது. பிறகு இரண்டும் திருத்தப்பட்டு 2008-இல் 5321, 5322 ஆயின. உறையும் கடிதமும் தனித்தனி என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை. நீங்கள் திரையில் பார்க்கும் 'ஃப்ரம்', 'டு' இரண்டும் கடிதத்துக்குள் இருப்பவை. உறையில் உள்ள அனுப்புநர் முகவரி அவற்றோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த உறை முகவரியைக் கடைசி சர்வர் 'ரிட்டர்ன்-பாத்' என்ற வரியில் எழுதி வைக்கும். பிசிசி-யில் (மற்றவர் கண்ணில் படாத நகலாக) உங்களுக்கு வந்த மின்னஞ்சலின் 'டு' வரியில் உங்கள் முகவரியே இல்லாமல் இருப்பதற்கும் காரணம் இதுதான்.

ஃப்ரம், டு, சிசி, சப்ஜெக்ட், டேட், ரிப்ளை-டு எல்லாம் அனுப்புகிறவர் எழுதுபவை. நேர்மையானவர் உண்மையை எழுதுவார். மோசடிக்காரர் தனக்கு வேண்டியதை எழுதுவார். இதில் ஃப்ரம் வரியை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். அதில் இரண்டு பகுதிகள் உண்டு: முதலில் காட்சிப் பெயர், அடுத்து கோண அடைப்புக்குள் முகவரி. காட்சிப் பெயரில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். வங்கியின் பெயரை எழுதலாம், வங்கியின் மின்னஞ்சல் முகவரியையேகூட எழுதலாம். கைப்பேசியில் பெரும்பாலும் அந்தப் பெயர் மட்டுமே தெரியும். உங்கள் வங்கி விதி 'ஃப்ரம் வரியில் இந்தச் சொல் அடங்கியிருந்தால்' என்று பார்க்கிறது. காட்சிப் பெயரில் அந்தச் சொல்லை எழுதிய எவருக்கும் அது கதவைத் திறந்துவிடும்.

'ரிசீவ்ட்' வரிகள் இன்னொரு வகை. மின்னஞ்சலைக் கைமாற்றும் ஒவ்வொரு சர்வரும் தன் வரியை எல்லாவற்றுக்கும் மேலே சேர்க்கும். ஆகவே பயணத்தின் தொடக்கம் கீழே இருக்கும், முடிவு மேலே இருக்கும். மிக மேலே, உங்கள் சர்வர் எழுதிய வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஃப்ரம்' என்ற சொல்லை அடுத்து வரும் பெயர், எதிர்ப்பக்க சர்வர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட பெயர். அது வெறும் பேச்சு. அதற்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் இருக்கும் ஐபி எண் (இணையத்தில் ஒரு கணினியின் முகவரி எண்), இணைப்பு எங்கிருந்து வந்தது என்று உங்கள் சர்வர் தானே கண்டு எழுதியது, அது சாட்சி. கடைசியில் நேரம் இருக்கும். இந்திய நேரத்தில் இயங்கும் சர்வராக இருந்தால் +0530 என்று முடியும். உங்கள் சர்வர் எழுதிய வரிகளுக்குக் கீழே உள்ள ரிசீவ்ட் வரிகளை மோசடிக்காரர் முன்கூட்டியே எழுதிச் சேர்த்திருக்க முடியும். அதனால் கீழ் வரிகளை வைத்துத் தானியங்கி விதி எழுத நான் யாருக்கும் சொல்வதில்லை. சந்தேகம் வந்தபின் கண்ணால் படித்து விசாரிக்க மட்டுமே அவை பயன்படும்.

மிச்சம் இருப்பவை உங்கள் சர்வர் எழுதும் வரிகள்: ரிட்டர்ன்-பாத், டெலிவர்ட்-டு, அதென்டிகேஷன்-ரிசல்ட்ஸ், எக்ஸ்-ஸ்பேம்-ஸ்டேட்டஸ் போன்றவை. கனமான விதிகளை இவற்றின் மேல் வையுங்கள். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இவற்றில் சில, மின்னஞ்சலை ஃபோல்டரில் போடும் கடைசி நொடியில் சேர்க்கப்படுபவை. சிபேனலின் பின்னால் இருக்கும் எக்ஸிம் சர்வரில் ரிட்டர்ன்-பாத், என்வலப்-டு இரண்டும் அப்படித்தான் சேர்கின்றன. உங்கள் விதி ஓடும்போது அவை இன்னும் எழுதப்பட்டிருக்காது. திறந்து பார்த்தால் வரி கண்ணெதிரே இருக்கிறது, விதி மட்டும் வேலை செய்யவில்லை என்று பலர் குழம்புவது இதனால்தான்.

இனி உங்கள் விதிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இன்வாய்ஸ் விதியை எடுத்துவிடுங்கள். ஏற்றுமதி நிறுவனத்தில் அந்தச் சொல் இல்லாத கடிதமே குறைவு. நூல் மில்லும் எழுதும், சரக்கு அனுப்பும் ஏஜென்டும் எழுதுவார், பையரும் எழுதுவார். என்ன எழுதினார் என்பதை விட்டுவிட்டு, எந்த முகவரிக்கு எழுதினார் என்று பிரியுங்கள். கணக்குப் பிரிவுக்குத் தனி முகவரி ஒன்றை ஏற்படுத்தி, சப்ளையர்கள் அனைவரையும் பில்லை அங்கே அனுப்பச் சொல்வது முதல் வழி. தனி முகவரி கூடாது என்றால், இருக்கும் முகவரியில் '@' குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுக்கலாம். ஜிமெயிலில் இது இயல்பாகவே வேலை செய்யும். அங்கே 'டெலிவர்ட்டு' என்ற தேடல் சொல்லை வைத்து ஃபில்டரும் எழுதலாம். சிபேனலில் இன்னும் எளிது: கூட்டல் குறிக்குப் பின் வரும் சொல்லின் பெயரில் ஃபோல்டர் இருந்தால், விதியே இல்லாமல் மின்னஞ்சல் அங்கே போய்ச் சேரும். சில வலைத்தளப் படிவங்கள் கூட்டல் குறி உள்ள முகவரியை ஏற்காது. அப்படிப்பட்ட இடங்களுக்குத் தனி முகவரியே வழி.

சப்ளையர்களைப் பழக்கத்திலிருந்து மாற்ற முடியாது என்றால், அடுத்த நல்ல அடையாளம் அனுப்புநரின் டொமைன், அதாவது முகவரியில் '@' குறிக்குப் பின்னால் இருப்பது. இங்கே 'அடங்கியிருந்தால்' என்ற நிபந்தனையைக் கவனமாக எழுத வேண்டும். டொமைன் பெயரை மட்டும் போட்டால், அந்தப் பெயரைத் தொடக்கமாகக் கொண்ட வேறு நீளமான டொமைனும் பொருந்திவிடும். முன்னால் '@' குறியையும் பின்னால் மூடும் கோண அடைப்பையும் சேர்த்து எழுதுங்கள். காட்சிப் பெயரே இல்லாமல் வரும் சில மின்னஞ்சல்களில் கோண அடைப்பு இருக்காது. அதற்கு '@' முதல் டொமைன் வரை 'இப்படி முடிந்தால்' என்று இன்னொரு நிபந்தனை போடுங்கள். மின்னஞ்சல் விதிகளுக்கென்றே உள்ள சிவ் மொழியில் எழுத வசதி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அதில் முகவரிச் சோதனை தனியாக இருக்கிறது. காட்சிப் பெயரை ஒதுக்கிவிட்டு டொமைனை மட்டும் எடுத்து, 'இதுவேதானா' என்று பார்க்கும். இவ்வளவு செய்த பிறகும் ஃப்ரம் வரி அனுப்புகிறவர் எழுதியதுதான். ஃபோல்டர் பிரிக்க அது போதும். 'இவரிடமிருந்து வந்தால் ஸ்பேம் சோதனையே வேண்டாம்' என்று சலுகை கொடுக்கப் போதாது. ஜிமெயிலில் உள்ள 'நெவர் சென்ட் இட் டு ஸ்பேம்' என்ற பெட்டியை ஃப்ரம் முகவரியை மட்டும் நம்பி டிக் செய்யாதீர்கள்.

மூன்றாவது விதிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனெனில் அது அழிக்கிறது. 'அன்சப்ஸ்கிரைப்' என்ற சொல் இருப்பது குப்பைக்கு அடையாளம் அல்ல. பெருமளவில் அனுப்புகிற ஒழுங்கான நிறுவனங்கள்தான் அதைத் தவறாமல் சேர்க்கின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (போலியைக் கண்டுபிடிக்கும் சோதனைகள், கீழே விளக்குகிறேன்) மூன்றும் வேண்டும் என்பதை 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் கட்டாயமாக்கியது. விளம்பர மின்னஞ்சல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும் என்பதும் அதோடு வந்தது. யாஹூவும் அதே காலத்தில் இதே போன்ற நிபந்தனைகளைக் கொண்டுவந்தது. பையரின் ஆர்டர் தளத்திலிருந்து வரும் அறிவிப்புகளில் அந்தச் சொல் இருந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இந்த வகை மின்னஞ்சல்களைப் பிரிக்க ஹெடரில் நல்ல வரிகள் உண்டு. 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2369 'லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்' என்ற வரியையும், 2001-இல் வந்த ஆர்எஃப்சி 2919 'லிஸ்ட்-ஐடி' என்ற வரியையும் வரையறுத்தன. என் அனுபவத்தில் பிரிப்பதற்கு லிஸ்ட்-ஐடியைவிட நிலையான வரி வேறு இல்லை. ஒரு குழுமத்தின் (உறுப்பினர் எல்லோருக்கும் போகும் மின்னஞ்சல் பட்டியலின்) கடிதங்கள் எல்லாவற்றிலும், யார் எழுதினாலும், சப்ஜெக்ட் எப்படி மாறினாலும், கோண அடைப்புக்குள் அதே அடையாளம் நிற்கும். சர்வரை மாற்றினாலும் அடையாளத்தை மாற்றாமல் வைத்திருக்கலாம் என்பதே அதன் நோக்கம். தொழில்சங்கச் சுற்றறிக்கை, செய்திமடல், துறைசார் குழுமம் என்று உங்களுக்கு வருபவற்றில் ஒன்றைத் திறந்து இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். சிபேனலின் ஃபில்டர் பட்டியலில் 'லிஸ்ட் ஐடி' என்ற தேர்வு தனியாகவே இருக்கிறது. ஜிமெயிலில் தேடல் பெட்டியில் 'லிஸ்ட்' என்ற சொல்லோடு முக்காற்புள்ளி வைத்து எழுதினால் இதே வரியைப் பார்க்கும்.

குழுமங்களுக்கு ஃப்ரம் வரியை நம்பக் கூடாது என்பதற்கு ஒரு வரலாறும் உண்டு. 2014 ஏப்ரலில் யாஹூ தன் டொமைனுக்கு டிமார்க் கொள்கையை 'நிராகரி' (சோதனையில் தோற்றால் ஏற்காதே) என்று மாற்றியது. அதே மாதம் ஏஓஎல்லும் மாற்றியது. யாஹூ முகவரியிலிருந்து குழுமத்துக்கு எழுதிய கடிதங்கள், குழும சர்வர் வழியாகப் போனதால் சோதனையில் தோற்றுத் திருப்பி அனுப்பப்பட்டன. சமாளிக்க, பல குழும மென்பொருள்கள் ஃப்ரம் முகவரியைக் குழுமத்தின் சொந்த முகவரியாக மாற்றி எழுதத் தொடங்கின. அன்று ஃப்ரமை நம்பி வைத்திருந்த விதிகள் தடுமாறின. லிஸ்ட்-ஐடி விதிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வங்கி விஷயம் இதைவிடக் கடினம். போலியைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள் உண்டு. அவற்றின் முடிவை உங்கள் சர்வர் 'அதென்டிகேஷன்-ரிசல்ட்ஸ்' என்ற வரியில் எழுதும். எஸ்பிஎஃப் பார்ப்பது உறையின் அனுப்புநர் டொமைனை; அந்த டொமைனின் சார்பில் அனுப்ப இந்த ஐபி-க்கு அனுமதி உண்டா என்று. நீங்கள் திரையில் பார்க்கும் ஃப்ரம் முகவரியை அது பார்ப்பதே இல்லை. டிகிம் என்பது ஒரு டொமைன் போட்ட கையொப்பம். கையொப்பமிட்ட வரிகளும் செய்தியும் வழியில் மாறவில்லை என்று காட்டும். கையொப்பமிட்ட டொமைனும் ஃப்ரம் டொமைனும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. டிமார்க்தான் முடிச்சைப் போடுகிறது: இரண்டில் ஒன்றாவது தேர்ச்சி பெற வேண்டும், தேர்ச்சி பெற்ற டொமைன் ஃப்ரம் வரியில் உள்ள டொமைனோடு பொருந்தவும் வேண்டும். ஆகவே 'எஸ்பிஎஃப் பாஸ்' என்பதை மட்டும் பார்த்து வங்கி ஃபோல்டருக்கு அனுப்பாதீர்கள். மோசடிக்காரர் தன் சொந்த டொமைனை உறையில் வைத்து அதில் எளிதாகத் தேறிவிடுவார். பார்க்க வேண்டியது 'டிமார்க் பாஸ்', அதோடு சேர்த்து சரியான டொமைன்.

இந்திய வங்கிகளைப் பொறுத்தவரை அண்மையில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. வங்கிகளுக்கு மட்டுமே தரப்படும் 'பேங்க்.இன்' டொமைனை ரிசர்வ் வங்கி 2025-இல் கொண்டுவந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 31-க்குள் வங்கிகள் அதற்கு மாற வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. பதிவு செய்து தருவது ஐடிஆர்பிடி என்ற நிறுவனம். ஃப்ரம் டொமைன் '.பேங்க்.இன்' என்று முடிந்து, உங்கள் சர்வர் 'டிமார்க் பாஸ்' என்றும் எழுதியிருந்தால், அது ஏதோ ஒரு வங்கியின் பெயரில் பதிவான டொமைனிலிருந்து வந்தது என்று உறுதியாகக் கொள்ளலாம். உங்கள் வங்கி அறிவிப்புகளை எந்த டொமைனிலிருந்து அனுப்புகிறது என்பதை மட்டும், ஏற்கெனவே வந்த உண்மையான மின்னஞ்சலின் ஹெடரைத் திறந்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சோதனையில் தோற்றவை எல்லாம் போலி என்று எண்ணுவதும் தவறு. ஒருவர் தன் பழைய முகவரிக்கு வருவதை உங்களுக்குத் தானாக ஃபார்வர்ட் ஆகும்படி வைத்திருந்தால், எஸ்பிஎஃப் பெரும்பாலும் தோற்கும். ஏனெனில் அனுப்பும் ஐபி மாறிவிட்டது. குழும மென்பொருள் சப்ஜெக்டில் ஒரு முன்னொட்டையோ கடிதத்தின் அடியில் ஒரு குறிப்பையோ சேர்த்தால் டிகிம் முறியும். அதனால் 'ஃபெயில் என்றால் அழி' என்று எழுதாதீர்கள். 'சரிபார்க்க' என்று ஒரு ஃபோல்டர் வைத்து அங்கே அனுப்புங்கள். இன்னொன்று: அதென்டிகேஷன்-ரிசல்ட்ஸ் வரியின் தொடக்கத்தில் அதை எழுதிய சர்வரின் பெயர் இருக்கும். அது உங்கள் சர்வரின் பெயரா என்று பாருங்கள். வேறு பெயரில் இருந்தால் வெளியிலிருந்து வந்த வரி. அதற்கு மதிப்பு இல்லை. உங்கள் ஹோஸ்டிங் இந்த வரியை எழுதவே இல்லை என்றால் விதி வைக்க வழியில்லை, அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஹெடர் விதி எங்கே தோற்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் தொழிலில் பெரும் பணம் போவது அங்கேதான். உங்கள் சப்ளையரின் உண்மையான கணக்குக்குள்ளேயே ஒருவன் புகுந்து, நடந்துகொண்டிருக்கும் கடிதப் போக்குவரத்தின் நடுவே 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த முறை இதில் செலுத்துங்கள்' என்று எழுதினால், எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் தேறும். டொமைன் சரி, ஐபி சரி, மெசேஜ்-ஐடி (ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் உள்ள தனி அடையாளம்) சரி. எந்த ஹெடர் விதியும் அதைப் பிடிக்காது. ஓரெழுத்து மட்டும் மாறிய டொமைனைப் பதிவு செய்து அதிலிருந்து எழுதினாலும் மூன்றும் தேறும். அதையாவது, தெரிந்த டொமைன்களின் பட்டியலில் இல்லாதவை தனி ஃபோல்டருக்கு என்ற விதி ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஃப்ரம் ஒரு டொமைன், ரிப்ளை-டு வேறு டொமைன் என்று வருவதும் நல்ல எச்சரிக்கைக் குறி. ஆனால் நேர்மையான சேவைகளும் அப்படி அனுப்புவதுண்டு, ஆகவே அது குறிப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல. கணக்கு எண் மாற்றம் என்று வந்தால், உங்கள் பழைய பதிவேட்டில் இருக்கும் தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் குரலால் உறுதிசெய்யாமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். மின்னஞ்சலில் உள்ள எண்ணை அழைக்கவே கூடாது.

தமிழில் சப்ஜெக்ட் எழுதும் உள்ளூர் ஜாப்வொர்க்காரர்களின் கடிதங்கள் ஏன் விதியில் சிக்குவதில்லை என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஹெடர் வரிகள் தொடக்கத்தில் ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே ஆனவை. பிற மொழி எழுத்துகளை அவற்றுக்குள் பொதிந்து அனுப்பும் முறையை 1996-இல் வந்த ஆர்எஃப்சி 2047 வரையறுத்தது. மூல வடிவில் பார்த்தால் சமக்குறி, கேள்விக்குறி, 'யுடிஎஃப்-8', 'பி' என்ற எழுத்து, பிறகு பொருள் புரியாத எழுத்துக் கூட்டம் என்று இருக்கும். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். அந்த 'பி' குறிக்கும் பேஸ்64 முறையில் மூன்று பைட் நான்கு எழுத்தாகும். அதனால் தமிழில் தொடங்கும் சப்ஜெக்ட், இப்படிப் பொதிந்த மூல வடிவில் எப்போதும் '4' என்ற எண்ணும் அதையடுத்து ஆங்கில 'கே' எழுத்துமாகத் தொடங்கும். மூல வடிவத்தை அப்படியே பார்க்கும் பழைய புரோக்மெயில் போன்ற கருவிக்கு உங்கள் தமிழ்ச் சொல் கண்ணில் படாது. சிவ் மொழியின் விதிப்படி ஒப்பிடும் முன் பொதியை அவிழ்த்துவிட வேண்டும். அங்கே தமிழ்ச் சொல்லை நேராக எழுதலாம். அப்போதும் ஒரு சிக்கல் வரலாம்: 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். விதிக்கு இரண்டும் வேறு. ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய எழுத்துகள் இல்லாத சொல்லாகத் தேர்ந்தெடுங்கள். அல்லது, நான் சொல்வது போல, அனுப்புநர் முகவரியை வைத்தே பிரியுங்கள்.

விதி எங்கே ஓடுகிறது என்பதும் முக்கியம். தண்டர்பேர்டில் எந்த ஹெடர் பெயரையும் 'கஸ்டமைஸ்' என்ற இடத்தில் சேர்த்து விதி எழுதலாம். ஆனால் அந்தக் கணினி திறந்திருந்தால்தான் அது ஓடும். பொதுப் பெட்டியை நான்கு பேர் நான்கு இடங்களில் திறக்கிறீர்கள் என்றால் விதி சர்வரில் இருக்க வேண்டும். சிபேனலின் ஃபில்டர்கள் சர்வரில் ஓடுபவை. அதில் 'எனி ஹெடர்' என்ற தேர்வைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். அது எல்லா வரிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும். நீங்கள் எதிர்பார்த்த வரியில் இல்லாமல் சப்ஜெக்டில் அந்தச் சொல் இருந்தாலும் பொருந்திவிடும். ஹெடரின் பெயரையும் முக்காற்புள்ளியையும் சேர்த்து எழுதினால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். ஜிமெயிலிலோ விருப்பப்பட்ட ஹெடரைப் பார்க்கும் வசதியே கிடையாது. ஃப்ரம், டு, சப்ஜெக்ட், லிஸ்ட், டெலிவர்ட்டு போன்ற சிலவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வரிசையைக் கவனியுங்கள். சிபேனலில் விதிகள் மேலிருந்து கீழாக ஓடும். 'ஸ்டாப் ப்ராசஸிங் ரூல்ஸ்' என்ற செயலைச் சேர்க்காவிட்டால் ஒன்று பொருந்திய பிறகும் அடுத்தவை பார்க்கப்படும். ஜிமெயிலில் அப்படி நிறுத்தும் வசதி இல்லை, பொருந்துகிற எல்லாமே நடக்கும். குறுகலான விதி மேலே, பரந்த விதி கீழே: பையரின் டொமைன் முதலில் வந்து இன்பாக்ஸிலேயே நிற்கட்டும், பிறகு லிஸ்ட்-ஐடி விதிகள், பிறகு ஸ்பேம் மதிப்பெண். அந்த மதிப்பெண்ணைப் போடும் ஸ்பேம்அசாசினின் இயல்பான எல்லை 5.0, அதைத் தாண்டியவற்றை ஃபோல்டருக்கு அனுப்புங்கள், அழிக்க வேண்டாம். 'ஃபெயில் வித் மெசேஜ்' என்று திருப்பி அனுப்பவும் வேண்டாம். போலி மின்னஞ்சலில் முகவரி திருடப்பட்ட அப்பாவிக்குத்தான் அது போய்ச் சேரும்.

தானியங்கி பதில் வைக்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். 2004-இல் வந்த ஆர்எஃப்சி 3834, இயந்திரம் அனுப்பும் மின்னஞ்சல்களில் 'ஆட்டோ-சப்மிட்டட்' என்ற வரி இருக்க வேண்டும் என்கிறது. அந்த வரி 'நோ' என்பதைத் தவிர வேறு எதையாவது சொன்னாலோ, உறையின் அனுப்புநர் காலியாக இருந்தாலோ, லிஸ்ட்-ஐடி இருந்தாலோ பதில் போகக் கூடாது. இல்லாவிட்டால் உங்கள் இயந்திரமும் எதிர்ப்பக்க இயந்திரமும் இரவெல்லாம் ஒன்றுக்கொன்று பதில் எழுதிக்கொண்டிருக்கும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அழிக்கும் விதியை உடனே எடுங்கள், வங்கி விதியைச் சரியான டொமைன், அதோடு 'டிமார்க் பாஸ்' என்று மாற்றுங்கள், கணக்குப் பிரிவுக்குத் தனி முகவரி கொடுங்கள். சிபேனலின் குளோபல் ஃபில்டர் பக்கத்தில் 'ஃபில்டர் டெஸ்ட்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. பழைய மின்னஞ்சலின் மூலத்தை அதில் ஒட்டினால் எந்த விதி பொருந்துகிறது என்று அதுவே காட்டும். பையரின் திருத்தக் கடிதத்தையும் வங்கிப் போலியையும் முதலில் அதில் போட்டுப் பாருங்கள். அதன் பிறகும் பிரியாத கடிதம் இருந்தால் அதன் ஹெடரை இங்கே இடுங்கள், பார்க்கிறேன். இடுவதற்கு முன் முகவரிகளில் '@' குறிக்கு முன்னால் உள்ளதையும், லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப் வரியில் உள்ள நீண்ட இணைப்பையும் மறைத்துவிடுங்கள். அந்த இணைப்பு கையில் கிடைத்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். ரிசீவ்ட் வரிகளின் வரிசையை மட்டும் மாற்றாமல் அப்படியே விடுங்கள்.